கனத்த இசையைக் குறைந்த சத்தத்தில் கேட்டது

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒரு திங்கட்கிழமை காலை என் இடது காது அடைத்துக்கொண்டது. வலி இல்லை.
2. அன்றே வேலையில் ஒரு பம்பைத் தவறாகக் கைகாட்டினேன். காதுதான் காரணம் என்று அப்போது தெரியவில்லை.
3. சளி என்றார்கள். அழுக்கு என்றார்கள். நாள்கள் போயின.
4. உள்காதின் நரம்பு திடீரென்று செயலிழந்திருக்கிறது என்று சென்னையில் ஒரு மருத்துவர் சொன்னார்.
5. மாத்திரை, ஸ்கேன், காத்திருப்பு.
6. எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் கெட்டுப்போயின.
7. எனக்குப் பிடிக்காத ஓர் இசைத்தட்டு மட்டும் கெடவில்லை.

ஏழாவதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதே நோய் வந்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் இருக்கும் யாராவது வாசிக்கக்கூடும். அவர்களுக்காக மற்ற ஆறையும் எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ படித்தவள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை. மோட்டார், பம்பு, விசிறி இவற்றின் பேரிங்குகள் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையங்கள்) நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதிர்வை அளக்கும் கருவி எங்களிடம் உண்டு. ஆனாலும் முதலில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங்கின் மேல்மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்துவது. நல்ல பேரிங் சீராக முனகும். கெட்டது சரளைக்கல்லை மெல்வதுபோலக் கரகரக்கும். நான் எப்போதும் இடது காதில் வைப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை குளிர்நீர்ப் பம்புகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. முதல் பம்பில் ஊன்றினேன். கரகரப்பு கேட்டது, ஆனால் வலப்பக்கத்திலிருந்து. வலப்பக்கம் நின்றது இரண்டாவது பம்பு. அதன் சத்தம் சட்டத்தின் வழியாக வருகிறது என்று முடிவு செய்து, இரண்டாவதைக் கழற்றச் சொன்னேன்.

மதியம் ஃபிட்டர் பாபு அண்ணன் கையைத் துடைத்தபடி வந்தார். ஆந்திர எல்லையோரத்துக்காரர்.

"மேடம், ரெண்டாம் நம்பர அவுத்துப் பாத்துட்டோம். பேரிங்கு இன்னா மாதிரி கீது தெரியுமா? மாமியார் ஊட்டுக்கு வந்த புது மாப்பிள்ள கணக்கா பளபளன்னு கீது."

"அப்ப ஒண்ணாம் நம்பரா?"

"அதான் கத்திக்கினு கீதே! நைனா, நம்ம மேடம் இன்னிக்குத் தூக்கத்துல கேட்டுட்டாங்கப்பா" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை செல்போனை இடது காதில் வைத்து "அலோ, அலோ" என்று கத்தினேன். லைன் செத்துவிட்டது என்று நினைத்தேன். தற்செயலாகக் கை மாற்றியபோது வலது காதில் அம்மா பேசிக்கொண்டிருந்தார். பாதிக் கதை முடிந்திருந்தது.

இடது காது கேட்கவில்லை என்று சொன்னதும், மறுநாளே அம்மா ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். "சளி காதுல இறங்கி கீதுடி. எண்ணெயக் காய்ச்சி வுட்டா சரியாப்பூடும்" என்றார். எண்ணெய் விட்டோம். பக்கத்து மருத்துவர் அழுக்கு ஊற மருந்து கொடுத்தார். அதையும் விட்டோம். இடது பக்கம் ஓர் இரைச்சல் மட்டும் தொடங்கியது. நீராவிக் குழாயில் சின்னக் கசிவு இருந்தால் வருமே, அந்த மாதிரி.

என் கணவர் சாமுவேல். மற்றவர்கள் முன்னால் அவரை "ஏங்க" என்பேன், வீட்டில் சாமு. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஒரு நாள் இருவரும் கடைத்தெருவில் நடந்தபோது என் இடப்பக்கத்திலிருந்து லாரி வந்தது. ஹார்ன் அடித்திருக்கிறது. நான் வலப்பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறேன். சாமு என் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் பை கிழிந்து தக்காளி தெருவில் உருண்டது. அவர் தக்காளியைப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு மெட்ராஸ் போறோம்" என்றார். "எண்ணெயும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

காது மருத்துவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது."

"நான் நடுவுல வச்சிருக்கேன்."

அந்த நொடியில் பம்பு புரிந்துவிட்டது. மண்டை எலும்பின் வழியாக வரும் ஒலி இரண்டு காதுக்கும் போகும். ஒரு நரம்பு செத்திருந்தால், எங்கே ஊன்றினாலும் நல்ல பக்கத்தில்தான் கேட்கும். நான் மருத்துவரிடம் ஸ்க்ரூடிரைவர் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்களே டெஸ்ட் பண்ணிட்டீங்க. ரிசல்ட்டைத்தான் பம்பு மேல எழுதிட்டீங்க."

பிறகு ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் உள்ள ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்பதன் வரைபடம்) எடுத்தார்கள். வலது காதின் கோடு மேலே சமமாகப் போனது. இடது காதின் கோடு தரைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"ஏன் வந்துச்சு, டாக்டர்?"

"வைரஸா இருக்கலாம், ரத்த ஓட்டமா இருக்கலாம். பெரும்பாலும் தெரியாது. சிலருக்கு முழுசா திரும்பும். சிலருக்குக் கொஞ்சம். சிலருக்கு இல்ல." சற்று நிறுத்தி, "இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதனால்தான் அந்த வாக்கியம் இன்னும் வலிக்கிறது.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரே ஒரு அறிவுரை உண்டு, அது இதுதான்: ஒரு காது காரணமில்லாமல் அடைத்தால் எண்ணெய் விடாதீர்கள். அன்றே காது மருத்துவரிடம் போங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரைகள் (வீக்கத்தையும் எதிர்ப்பு வினையையும் அடக்குபவை) தொடங்கின. அதிக அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முகம் உப்பியது. எப்போதும் பசித்தது. கோபம் வந்தது. ஒருமுறை சாதம் குழைந்ததற்காகக் குக்கரோடு சண்டை போட்டேன். சாமு குக்கருக்குப் பக்கபலமாகப் பேசினார்.

மாத்திரை வேலை செய்தது. அதைத்தான் விளக்குவது கடினம். இடது காதில் தாழ்ந்த ஒலிகள் மெல்லத் திரும்பத் தொடங்கின. தண்ணீர் லாரியின் உறுமல், கதவு மூடும் சத்தம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன்.

நானும் சாமுவும் பழகியதே ஆலயத்தின் பாடகர் குழுவில்தான். நான் பாடுவேன், அவர் பேஸ் கிட்டார் வாசிப்பார். அன்று கீபோர்டில் முதல் சுருதி வந்ததும் இரண்டு சுருதிகள் கேட்டன. வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு அதைவிடச் சற்று இறங்கி, பிசிறடித்து ஒன்று. எந்தச் சுருதியைப் பிடித்துப் பாடுவது? வாயைத் திறந்தேன். என் குரலே இரண்டாக வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய், வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டேன்.

இதற்கு டிப்ளாகூசிஸ் (ஒரே சுருதி இரு காதுகளில் இரு வேறு சுருதிகளாகக் கேட்பது) என்று பெயர். காது குணமாகும் வழியில் வரக்கூடியது என்றார் மருத்துவர். தங்கிவிடவும் கூடும் என்றார். வீட்டில் எஃப்.எம். வைத்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து ரசித்த பாட்டுகள். எல்லாப் புல்லாங்குழலும் சளி பிடித்தவைபோல இருந்தன. கேட்காத காதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. தவறாகக் கேட்கும் காதைத் தாங்க முடியவில்லை. ரேடியோவை அணைத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். வீடு அமைதியானது. சாமு குளிக்கும்போது விசிலடிப்பதையும் நிறுத்திக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவராகவே நிறுத்தினார்.

எனக்கு இருந்த பயம் இதுதான்: பாட்டு இனி எப்போதும் இப்படித்தானா? வேலைக்குக் கருவி இருக்கிறது. பேச்சுக்கு வலது காது இருக்கிறது. பாட்டுக்கு மாற்று எதுவும் இல்லை.

காது நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் (காந்தப் புலத்தால் உடலின் உள்ளே படம் எடுப்பது) எடுத்தார்கள். காதில் பஞ்சு வைத்து, தலையை ஒரு கூட்டில் அடக்கி, குழாய்க்குள் தள்ளினார்கள். அசையக் கூடாது. பிறகு அடி தொடங்கியது.

தம், தம், தம், தம். ஒரே சுருதி. இடைவெளி. பிறகு வேறொரு தாழ்ந்த உறுமல், நெடுநேரம் மாறாமல். படுத்திருந்த பலகை அதிர்ந்தது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. முதலில் பயந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். இது இரண்டாகக் கேட்கவில்லை. காதால் கேட்பது பாதி, எலும்பால் கேட்பது பாதி. இந்தச் சத்தத்தில் தவறாகக் கேட்க எதுவும் இல்லை. அது முதலிலேயே கரடுமுரடாக இருந்தது.

இதை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. குழாய்க்குள் சிரிக்கவும் முடியாது, தலை அசைந்துவிடும்.

வெளியே வந்ததும் சாமுவின் முதல் கேள்வி, "பயந்துட்டியா?"

"உங்க சி.டி. ஒண்ணு இருந்துச்சே. சேறு."

"எது?"

"அதான், நான் வைக்கக் கூடாதுன்னு சொன்னது."

"டாக்டர் மண்டையில இன்னா படம் எடுத்தாங்க?" என்றார் சாமு. "எதுனா கழண்டுகிச்சா?"

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாமு பொறியியல் படித்தபோது விடுதியில் அவருடைய அறைத்தோழன் நாகாலாந்துக்காரன். அவன் பதிந்து கொடுத்தது. மேலே மார்க்கர் பேனாவில் அவன் கிறுக்கியது அழிந்துவிட்டது. ஸ்லட்ஜ் மெட்டல் என்ற வகை இசை. ஸ்லட்ஜ் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் தொழிற்சாலைக் கழிவுநீர்த் தொட்டியின் அடியில் தங்கும் கறுத்த கனமான சேறு. இசைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "கேட்டா தெரியும்" என்றார் சாமு. நாங்கள் பிறந்த ஊர்களில் டேப்ரிக்கார்டரே அபூர்வமாக இருந்த நாள்களில், அமெரிக்காவின் தென்பகுதியில் யாரோ சில இளைஞர்கள் பதிந்த ஆல்பம். அந்த வகையில் அது ஒரு மூலப் பிரதி மாதிரி என்பார். கல்யாணமான புதிதில் ஒரு முறை வைத்தார். "இது பாட்டா, ரோலிங் மில்லா? கரண்ட் போனா இதைவிட நல்லா இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் வைக்கவில்லை.

மருத்துவரிடம் அனுமதி கேட்டோம். "இயர்போன் கூடாது. ஸ்பீக்கர்ல கேளுங்க. பக்கத்துல ஒருத்தர் சாதாரணமா பேசினா கேக்கணும், அவ்வளவுதான் சத்தம்" என்றார். என்ன பாட்டு என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், ஜன்னலை மூடி, சாமு தட்டைப் போட்டார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்.

"இத இந்த சவுண்டுல வைக்கிறது பாவம், மெர்சி. அவனுங்க கேட்டா அழுதுடுவானுங்க."

"டாக்டர் சொன்னது."

"சரி சரி. சாமி கும்புடுற மாதிரி கேப்போம்."

முதலில் கிட்டார் எதுவும் வாசிக்கவில்லை. மின்பெருக்கியின் முனகல் மட்டும். அது வளர்ந்து ஓர் ஊளையாக நீண்டது. வேறு எந்தப் பதிவிலும் இதை வெட்டி எறிந்திருப்பார்கள், இவர்கள் அதையே வாசலாக வைத்திருந்தார்கள். என் காதுக்குள் ஓயாமல் கேட்கும் நீராவி இரைச்சல் (டின்னிடஸ் என்பார்கள், வெளியில் இல்லாத ஒலி உள்ளே கேட்பது) அந்த ஊளைக்குள் போய்க் கலந்துவிட்டது. நோய் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக, எது என்னுடையது, எது வெளியில் இருப்பது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு முதல் அடி விழுந்தது. தந்திகளை வழக்கத்தைவிடத் தளர்த்திக் கட்டிய கிட்டார்கள், ரொம்பத் தாழ்ந்த சுருதியில். ஓர் அடி. அடுத்தது வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. வந்துவிடும் என்று உடம்பு முன்னால் சாய்ந்த பிறகு வந்தது.

நான் எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சாமு என்னைப் பார்த்தார். தானும் மறுபக்கப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. இரண்டு கிட்டார்களும் ஒரே சுருதியில் இல்லை. மயிரிழை வித்தியாசம். எங்கள் ஆலையில் இரண்டு விசிறிகள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடினால் சத்தம் அலையலையாக ஏறி இறங்கும். அதேபோல ஒவ்வொரு நீண்ட சுருதியும் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆலையில் அதைக் கேட்டால் நான் குறை என்று எழுதுவேன். இங்கே அதுதான் அழகு. என் இரண்டு காதுகளுக்கும் நடுவில் நடப்பதும் இதே பொருந்தாமைதான் என்று நினைத்தேன். அறிவியல்படி இரண்டும் வேறு வேறு, எனக்குத் தெரியும். ஆனால் அந்த மதியம் எனக்கு வேண்டியிருந்தது அறிவியல் இல்லை. என் காது சேர்க்கும் பிசிறு அந்தப் பாட்டைக் கெடுக்கவில்லை. அதில் ஏற்கெனவே இடம் இருந்தது.

பாடுபவர் கத்துகிறார். சொற்கள் புரியவில்லை. ஆங்கிலம் தெரிந்த சாமுவுக்கும் புரியாது என்பது பிறகு தெரிந்தது. முன்பு அது கோபம் என்று நினைத்திருந்தேன். குறைந்த சத்தத்தில் கேட்டால் அப்படி இல்லை. ஆற்றின் அந்தக் கரையிலிருந்து ஒருவர் கூப்பிடுவதுபோல இருக்கிறது. என்ன சொல்கிறார் என்று தெரியாது, கூப்பிடுகிறார் என்பது தெரியும். மூன்றாவது பாட்டில் திடீரென்று வேகம் பிடித்து, கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு வாங்கி மறுபடி நடைக்குத் திரும்புகிறார்கள். அந்த இடத்தில் சாமு ஒவ்வொரு முறையும் சிரிப்பார். "முடியலடா சாமின்னு உக்காந்துடறானுங்க பாரு" என்பார்.

கடைசிப் பாட்டு நீளமானது. அதில் இருப்பது இரண்டே சுருதிகள். அவற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் சற்று மெதுவாக. நின்றுவிடும் என்று நினைக்கும் அளவுக்கு. முதல்முறை கேட்டபோது அந்த இடைவெளிகளில் நான் அழுதேன். சத்தமாக இல்லை. சாமு என் உப்பிய கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "இதுக்கு அழுத முதல் பொம்பள நீதான். நாகாலாந்துக்காரனுக்கு லெட்டர் போடணும்" என்றார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் கேட்டோம். அம்மா ஒருமுறை வந்திருந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மாப்ள இது, மிக்ஸில கல்லு மாட்டிக்கிச்சா?"

"இல்லத்த, உங்க பொண்ணுக்கு மருந்து."

"டாக்டரா குடுத்தாரு?"

"ஆமா. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வேள."

அம்மா நம்பவில்லை. ஆனால் உட்கார்ந்தார். நான் பெட்டியின் மேல் கை வைத்திருந்ததைப் பார்த்துத் தானும் வைத்துப் பார்த்தார். "குறுகுறுங்குது" என்றார். பிறகு, எண்ணெய் விட்டதைப் பற்றி அதுவரை பேசாதவர், "தெரியாம பண்ணிட்டன்டி" என்றார். எனக்கு வலது காதில் கேட்டது. இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இசை என் காதைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரையும் காலமும் செய்ததைச் செய்தன. இசை செய்தது வேறு. பாட்டு என்பது போய்விடவில்லை என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது. அலமாரிக்கு மேலிருந்த ரேடியோவை நானே இறக்கினேன். புல்லாங்குழல்கள் இன்னும் பிசிறடித்தன. அந்தப் பிசிறோடு கொஞ்ச நேரம் உட்கார முடிந்தது.

ஸ்கேனில் கட்டி இல்லை. மாத்திரைகள் முடிந்து சில மாதங்கள் கழித்துக் கடைசி ஆடியோகிராம் எடுத்தார்கள். இடது காதின் கோடு தாழ்ந்த ஒலிகளில் மேலே வந்திருந்தது. நடுவில் சரியத் தொடங்கி, உயர்ந்த ஒலிகளில் முன்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

மருத்துவர் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "வந்தது தங்கும். வராதது இனிமே வராதுன்னு வச்சுக்கோங்க."

"சரி, டாக்டர்" என்றேன். நான் அழுவேன் என்று அவர் காத்திருந்தார் போலும். நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் சாமு என் வலப்பக்கம் உட்கார்ந்தார். பொன்னேரி தாண்டும் வரை இருவரும் பேசவில்லை. முன்பெல்லாம் இப்படிப்பட்ட மௌனம் வந்தால் எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன். அன்று அதை அப்படியே விட்டேன். அடுத்தது வரும்போது வரட்டும் என்று இருக்க முடிந்தது. வயலும் ஆலைப் புகைபோக்கியும் மாறி மாறிப் போயின. ரயிலின் தடதடப்பு பாதத்தின் வழியாக ஏறி, முழங்காலில் தங்கி, முதுகுக்கு வந்தது. என் உடம்பில் இவ்வளவு இடங்கள் கேட்கும் என்று முன்பு எனக்குத் தெரியாது.

இப்போதைய நிலை இது. இடது காதில் தாழ்ந்த ஒலிகள் கேட்கின்றன. உயர்ந்தவை இல்லை. யாராவது அந்தப் பக்கம் பேசினால் குரல் வருகிறது, சொல் வருவதில்லை. சுருதி இரண்டாகக் கேட்பது மிகவும் குறைந்துவிட்டது, களைப்பாக இருக்கும் நாள்களில் மட்டும் வருகிறது. இரைச்சல் இருக்கிறது. மாத்திரை எதுவும் இல்லை. முகம் பழையபடி ஆகிவிட்டது. வேலைக்குப் போகிறேன், சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கிறேன். பாடகர் குழுவுக்கு இன்னும் திரும்பவில்லை. திரும்புவதா என்று முடிவு செய்யவில்லை, அவசரமும் இல்லை. சாமு குளிக்கும்போது விசிலடிக்கிறார். சனிக்கிழமைகளில் நாங்கள் அந்தத் தட்டைக் கேட்கிறோம், மருத்துவர் சொன்ன சத்தத்தில். எந்தக் காது பெட்டிக்குப் பக்கமாக இருக்கிறது என்று பார்த்து நான் இப்போது உட்காருவதில்லை.